பழைய பைக்கின் கேபிள்: எண்ணெய் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

இருபது வருடம் ஓடிய வண்டியில் கிளட்ச் கனத்துப்போனால், தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் இரண்டு வைத்தியங்களில் ஒன்றுதான் நடக்கும். லீவர் ஓரத்தில் ஆயில் கேனால் நாலு சொட்டு விட்டு, இரண்டு முறை அழுத்திப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால், கேபிள் போய்விட்டது என்று சொல்லி அப்போதே புதிதாக ஒன்றைப் போட்டுவிடுவார்கள். முன்னது ஒப்புக்குச் செய்கிற வேலை. அந்த நாலு சொட்டு ஒரு சாண் தூரம்கூட உள்ளே இறங்காது. பின்னது சில சமயம் சரி, பல சமயம் அவசரம். கேபிளைக் கழற்றிக் கழுவி, முழு நீளத்துக்கும் எண்ணெய் ஏற்றுகிற மூன்றாவது வழி ஒன்று உண்டு. செலவு அதிகமில்லை, ஆனால் ஒரு ராத்திரி வண்டியை நிறுத்திவைக்க வேண்டும். கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. வண்டிக்காரர் வீட்டில் செய்துகொள்ள வேண்டிய வேலை அது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வண்டியின் வயதைவிடக் கேபிளின் நிலையைப் பொறுத்தது. திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய காஸ்ட் அயர்ன் புல்லட், 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, 1994-இல் அறிமுகமான ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

கனம் எங்கிருந்து வருகிறது

முறுக்கிய எஃகு இழைகளால் ஆன கம்பி உள்ளே. சுருள் எஃகாலான உறை வெளியே. அதன்மேல் கறுப்புப் பிளாஸ்டிக் தோல். மெக்கானிக்குகள் இன்னர், அவுட்டர் என்பார்கள். பிரிட்டனில் எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. இன்னர் எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு விசையை அவுட்டர் அமுங்காமல் தாங்கி நிற்க வேண்டும்.

நேராகச் செல்லும் இடத்தில் உராய்வு மிகக் குறைவு. வளைவில்தான் இன்னர், அவுட்டரின் உட்சுவரில் அழுந்துகிறது. தூணில் கயிற்றைச் சுற்றச் சுற்றப் பிடிப்பு எப்படி ஏறுமோ அதே கணக்குத்தான் இங்கேயும். கேபிளின் நீளத்தைவிட, அது வழியில் எடுக்கும் வளைவுகளின் மொத்தக் கோணமே முக்கியம். ஹேண்டில்பாரிலிருந்து கியர் பாக்ஸ் வரை மொத்தம் 180 பாகை வளைவு என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய்ப் பசையுள்ள கம்பிக்கு உராய்வுக் கெழு (உராய்வின் அளவைக் காட்டும் எண்) 0.15 என்று எடுத்தால், மேல்முனையில் 10 கிலோ இழுத்தால் கீழ்முனையில் சுமார் 6.2 கிலோ கிடைக்கும். காய்ந்து துருவேறிக் கெழு 0.3 ஆகிவிட்டால் அதே 10 கிலோவுக்கு 3.9 கிலோதான். பழைய இழுவையைப் பெற 16 கிலோ இழுக்க வேண்டும். மாலை நேர அண்ணா சாலையில் இடது கை மரத்துப்போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நன்றாக எண்ணெய் உள்ள கேபிளையே தவறான வழியில் கொண்டுபோய் இன்னொரு 90 பாகை வளைவைச் சேர்த்தால், 6.2 கிலோ 4.9 ஆக இறங்கிவிடும். டேங்கைக் கழற்றி மாட்டும்போது கேபிள் பிரேமின் தப்பான பக்கத்தில் மாட்டிக்கொள்வதும், பிளாஸ்டிக் டேக்கை இறுக்கிக் கட்டிக் கேபிளை ஒடிப்பதும் அன்றாடம் நடக்கிற கூத்து. எண்ணெய் டப்பாவைத் திறக்கும் முன் கேபிள் போகும் பாதையைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடலாம்.

அறுகிற இடம்

கிளட்ச் கேபிள் நடுவில் அறுவது அபூர்வம். லீவர் முனையில், நிப்பிள் என்கிற உலோகக் குமிழுக்கு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளித்தான் பெரும்பாலும் அறுகிறது. காரணம் எளிது. லீவர் திரும்பும்போது அதன் குழிக்குள் நிப்பிளும் சேர்ந்து உருள வேண்டும். தூசி அடைத்துக் குழி காய்ந்துபோனால் நிப்பிள் உருளாது. அதற்குப் பதிலாக, அதன் கழுத்தில் உள்ள கம்பி ஒவ்வொரு அழுத்தலுக்கும் மடிந்து நிமிரும். நகர நெரிசலில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. எந்தக் கம்பியும் இதைப் பல காலம் தாங்காது. ஓர் இழை விடும்; மீதி இழைகளின் மேல் பாரம் கூடும்; அடுத்தது விடும்.

ஆகவே என் கணிப்பில், கேபிள் முழுக்க ஊற்றும் எண்ணெயைவிட நிப்பிள் குழியில் தடவும் ஒரு பட்டாணி அளவு கிரீஸுக்கு மதிப்பு அதிகம். முன்னது உங்கள் கையைக் காப்பாற்றும். பின்னது உங்களை நடுரோட்டில் நிற்காமல் காப்பாற்றும். எந்த வழியைத் தேர்ந்தாலும், புதுக் கேபிளே போட்டாலும், இதை விடக்கூடாது.

சோதிப்பது இப்படி. லீவர் அருகே உள்ள அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகுங்கள். அட்ஜஸ்டர், அதன் லாக் நட், லீவர் பிடிப்பு மூன்றிலும் உள்ள வெட்டுகளை ஒரே கோட்டில் கொண்டுவந்தால் கேபிள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். நிப்பிளின் கழுத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் கம்பியை லேசாக வளையுங்கள். கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். எங்காவது முள் போலக் குத்தினால் அங்கே இழை விட்டிருக்கிறது. கீழ்முனையிலும் இதையே செய்யுங்கள்.

ஓர் இழை விட்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். அதன் நுனி அவுட்டருக்குள் போய்ச் சுரண்டும். மற்ற இழைகள் அதன் பங்கையும் சுமக்கும். எண்ணெய் விடுவதில் அர்த்தமில்லை. அவுட்டர் ஓரிடத்தில் ஒடிந்து மடங்கியிருந்தாலோ, சைலன்சர் பட்டுப் பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ, தோல் வெடித்து உள்ளே துருப்பிடித்த சுருள் தெரிந்தாலோ அதே தீர்ப்புத்தான்.

இவை எதுவும் இல்லை, ஆனால் கனமாக இருக்கிறது என்றால் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு இன்னரை மட்டும் விரலால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று வந்தால் கேபிளில் வேலை இருக்கிறது. வழவழவென்று வந்தால் குற்றம் கேபிளில் இல்லை. லீவர் திரும்பும் அச்சான பிவட் போல்ட் காய்ந்திருக்கலாம், கீழே கேபிள் இழுக்கும் கிளட்ச் ஆர்ம் தப்பான கோணத்தில் நிற்கலாம். இதைப் பார்க்காமல் கேபிளை மட்டும் மாற்றிவிட்டு, அப்படியும் கனம் குறையவில்லையே என்று கம்பெனியைத் திட்டுகிறவர்கள் நிறைய.

எந்த எண்ணெய்

இங்கேதான் ஆளுக்கொரு கட்சி. அதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: உங்கள் கேபிளுக்குள் லைனர் இருக்கிறதா, இல்லையா? அவுட்டர் முடிகிற இடத்தில் கம்பி வெளிவரும் துவாரத்தை உற்றுப் பாருங்கள். வெள்ளையாகவோ பால்நிறத்திலோ மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் விளிம்பு தெரிந்தால் லைனர் உண்டு. கம்பி நேரடியாக எஃகுச் சுருளில் உரசினால் லைனர் இல்லை. பழைய வண்டிகளில் ஆதியில் வந்த கேபிள்கள் பல லைனர் இல்லாதவை. இன்று கடையில் வாங்குகிறவை பல லைனர் உள்ளவை. ஒரே வண்டியில் இரண்டு ஜாதியும் கலந்திருக்கும்.

லைனர் இல்லாத கேபிளுக்கு என் ஓட்டு சாதாரண எஞ்சின் ஆயிலுக்குத்தான். ஆயில் மாற்றும்போது டப்பாவில் மிச்சப்படுவதே போதும். புல்லட்டுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 கெட்டி. இறங்க ஒரு ராத்திரி எடுத்துக்கொள்ளும், ஆனால் இறங்கிய பின் நிற்கும். ஸ்பிளெண்டருக்கு ஊற்றும் 10டபிள்யூ-30 சீக்கிரம் இறங்கும். இரண்டில் எது கையில் இருக்கிறதோ அது.

தையல் மெஷின் எண்ணெய் இதைவிட மெல்லியது. சில நிமிடங்களில் மறுமுனைக்கு வந்துவிடும் என்பதால் பொறுமையில்லாதவர்களுக்குத் தோது. ஆனால் அவ்வளவு சுலபமாக இறங்கியது அவ்வளவு சுலபமாக வடிந்தும் போகும். மழைக்காலத்தில் அடிக்கடி விட வேண்டியிருக்கும்.

டபிள்யூடி-40 பற்றி ஒரு நீண்டகாலக் குழப்பம் இருக்கிறது. 1953-இல் சான் டியாகோவில் நீரை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட கலவை அது. நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் அந்தப் பெயர். அதில் கரைப்பான்தான் அதிகம், எண்ணெய் கொஞ்சம். கேபிளுக்குள் உள்ள ஈரத்தையும் பழைய பிசுக்கையும் வெளியே தள்ள அருமையானது. அடித்தவுடன் கிளட்ச் பூப்போல ஆகிவிடும். கரைப்பான் ஆவியானதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கழுவுவதற்கு அதை வைத்துக்கொண்டு, பின்னாலேயே எஞ்சின் ஆயில் ஏற்றுங்கள். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதிலும் கழுவலாம்.

கிரீஸை உள்ளே திணிக்க முயல வேண்டாம். முழு நீளத்துக்கும் போகாது. போன இடத்தில் தூசியைப் பிடித்து மாவாக்கும். செயின் ஸ்ப்ரேயும் அப்படித்தான்: ஒட்டிக்கொள்வதற்கென்றே செய்தது, கேபிளுக்குள் ஒட்டிக்கொள்வதுதான் நமக்கு வேண்டாதது. பட்டறைகளில் சும்மா கிடைக்கிற வேஸ்ட் ஆயிலில் எஞ்சினின் கரியும் உலோகத் தூளும் மிதக்கின்றன, வேண்டவே வேண்டாம்.

வீட்டு எண்ணெய்களைப் பற்றியும் கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும். சென்னையில் தெரியாது, ஊட்டியில் மார்கழிக் காலையில் ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்தால் தெரியும். விளக்கெண்ணெய் ஒரு காலத்தில் பந்தய எஞ்சின்களுக்கே ஊற்றியது. காஸ்ட்ரால் என்ற பெயரிலேயே அது ஒளிந்திருக்கிறது. ஆனால் நாள்பட்டால் காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும்.

லைனர் உள்ள கேபிள் வேறு கதை. அதற்கு வழவழப்பைத் தருவதே அந்தப் பிளாஸ்டிக்தான். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் தூசி சேர்ந்து வழவழப்பு குறையுமே தவிரக் கூடாது. மண்ணும் தண்ணீரும் போயிருந்தால் கழுவிக் காயவைத்து, சிலிக்கான் அல்லது டெஃப்லான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் போதும். ஒன்றும் போயிருக்காவிட்டால் ஒன்றும் செய்யாமல் விடுவதே நல்லது. லைனர் தேய்ந்து, கம்பி அதை அறுத்துக்கொண்டு எஃகைத் தொட்டுவிட்டால் அதற்கு எந்த எண்ணெயும் மருந்தல்ல.

எப்படி ஏற்றுவது

கிளாம்ப் வடிவில் கேபிள் லூபர் என்று ஒரு சாதனம் விற்கிறது. அவுட்டரின் முனையைக் கவ்விக்கொள்ளும். அதன் துளையில் ஸ்ப்ரே டப்பாவின் குழாயைச் செருகி அழுத்த வேண்டும். ஸ்ப்ரேவுக்கு மட்டும்தான் பயன்படும்; ரப்பர் சரியாகக் கவ்வாவிட்டால் பாதி உங்கள் முகத்தில் அடிக்கும். இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்கள் வாங்கலாம்.

ஒரு வண்டிக்காரருக்கு பால் கவர் போதும். கழுவிக் காய்ந்த கவரின் ஒரு மூலையில் சிறு துளை வெட்டி, அவுட்டரின் மேல்முனையை அதற்குள் நுழைத்து, எண்ணெய் கசியாதபடி இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். கவரை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, கீழ்முனைக்கு அடியில் ஒரு டப்பா வையுங்கள். நடுநடுவே இன்னரைச் சற்று மேலும் கீழும் இழுத்துவிட்டால் சீக்கிரம் இறங்கும். முதலில் சொட்டுவது காப்பிப் பொடி நிறத்தில் துருவும் கரியுமாக வரும். ஊற்றிய நிறத்திலேயே கீழேயும் சொட்டத் தொடங்கினால் வேலை முடிந்தது. காலை வரை காத்திருந்தும் சொட்டே வரவில்லை என்றால் உள்ளே அடைத்திருக்கிறது. புதுக் கேபிள் வாங்கக் கிளம்பலாம்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு ஊசி போடும் சிரிஞ்ச் இருக்கிறது. அரை அடி பெட்ரோல் டியூப்பின் ஒரு முனையை அவுட்டரின் மேலும், மறுமுனையைச் சிரிஞ்சின் மூக்கிலும் மாட்டி, இரண்டு இடத்திலும் டேப் சுற்றி மெதுவாக அழுத்தினால் எண்ணெய் தானாக இறங்கும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் போகும். மெல்லிய எண்ணெய்க்குத்தான் இது சரிப்படும். கெட்டி ஆயிலை அழுத்தினால் டியூப் பிய்த்துக்கொள்ளும்.

எல்லாக் கேபிளும் ஒன்றல்ல

கிளட்சுக்குச் சொன்னதை அப்படியே மற்றவற்றுக்குச் செய்ய முடியாது. ஆக்சிலேட்டர் கேபிளில் எண்ணெய் ஊற்றும்போது கீழ்முனையைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் துருத்தண்ணி நேராக உள்ளே போய் ஸ்லைடில் படியும். ஆர்எக்ஸ் 100-இல் இன்னும் கவனம் தேவை. அதில் ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) பம்ப்புக்கும் போகிறது. பம்ப்புக்குப் போகும் கேபிள் காய்ந்து இறுகினாலோ தொய்ந்தாலோ எஞ்சினுக்கு எண்ணெய் குறையும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் அதன் முடிவு பிஸ்டன் இறுகிப்போவது. ஆகவே கேபிளைத் தொட்டால் பம்ப்பின் குறியைக் கையேட்டில் சொன்ன நிலைக்குக் கொண்டுவராமல் விடக்கூடாது. இந்த வேலை தெரியாதவர்கள் ஆர்எக்ஸ் கேபிளை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது உத்தமம்.

மாட்டிய பின் ஒரு சோதனை: வண்டியை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் வைத்து, ஹேண்டில்பாரை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் திருப்புங்கள். எந்த மூலையிலாவது ஐடிலிங் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் தானாகப் பட்டென்று திரும்ப வேண்டும். திரும்பாத வண்டியைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முன்சக்கர டிரம் பிரேக்கின் கேபிளில் சிக்கனம் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிளட்ச் அறுந்தால் வண்டி நிற்கும். பிரேக் அறுந்தால் நிற்காது. சந்தேகம் வந்தாலே மாற்றுங்கள். நன்றாக இருந்து எண்ணெய் விடுவதானால், வடிந்ததை டிரம் பக்கம் போகாமல் துடைத்துவிடுங்கள்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் இழுபடுவதில்லை, சுழல்கிறது. கிரீஸ் பொருத்தமான ஒரே கேபிள் அதுதான். இன்னரை உருவி மெல்லியதாகக் கிரீஸ் தடவலாம். ஆனால் மேல்முனையில் ஒரு சாண் அளவைக் காய்ந்தபடியே விட வேண்டும். சுழலும் கம்பியைப் பற்றிக் கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் போனால் முள் ஒட்டிக்கொள்ளும். புல்லட்டில் எஞ்சினின் அழுத்தத்தை வெளியேற்ற உதவும் டிகம்ப்ரஷரின் கேபிளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

மாற்றுவதென்று முடிவானால்

கம்பெனி கேபிள், வெளிக் கம்பெனிக் கேபிள், பட்டறையில் கட்டித்தருகிற கேபிள் என்று மூன்று வழி. ஓடிக்கொண்டிருக்கும் மாடல்களுக்கு முதல் இரண்டில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டியதில்லை. 1985-இல் பெங்களூரில் தொடங்கிய சுப்ரஜித் போன்ற கேபிள் நிறுவனங்களே வண்டிக் கம்பெனிகளுக்கும் செய்துதருகின்றன. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளுக்குப் பழைய கேபிளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து அவுட்டரின் நீளத்தையும், இன்னர் எவ்வளவு வெளியே வருகிறது என்பதையும் ஒப்பிட்டு வாங்குவது மேல். ஹேண்டில்பார் மாற்றிய வண்டிகளில் இது கட்டாயம். பிறகு நிப்பிளைப் பாருங்கள்: பற்று சீராக இருக்க வேண்டும், கம்பி அதன் நடுவில் நேராக நுழைய வேண்டும். வட்டமாகச் சுருட்டி இன்னரை இழுத்தாலும் தடங்கல் இல்லாமல் வர வேண்டும்.

உதிரி கிடைக்காத பழைய யெஸ்டி (Yezdi) போன்ற வண்டிகளுக்குக் கட்டிய கேபிளே கதி. நல்ல கைவேலைக்காரர் பற்றவைத்த நிப்பிள் பல வருடம் உழைக்கும். திருகாணி வைத்து இறுக்கும் நிப்பிளை வீடு வந்து சேர்வதற்கு மட்டும் கிளட்சில் போடலாம். பிரேக்கில் ஒருபோதும் கூடாது.

எண்ணெய் விட்டாலும் மாற்றினாலும் கடைசி வேலை ஒன்றுதான். சிறிய வண்டிகள் பலவற்றின் கையேடுகள் கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை ஃப்ரீ ப்ளே, அதாவது கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம், கேட்கின்றன. அதைவிட இறுக்கினால் கிளட்ச் நழுவித் தட்டு தேயும். தளர்த்தினால் கியர் விழாது. புதுக் கேபிள் முதல் சில நாட்களில் கொஞ்சம் உட்கார்ந்து தொய்யும். மறுபடி ஒரு சுற்றுத் திருகிக்கொள்ளுங்கள். எண்ணெய் விடுவதை வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து தையில் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் உள்ளூரில் ஓடும் வண்டிக்குப் போதும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற உப்புக்காற்று ஊர்களிலும், அடிக்கடி வாட்டர் சர்வீஸ் விடுகிறவர்களுக்கும் இது போதாது. பிரஷர் தண்ணீர், லீவர் முனை வழியாகக் கேபிளுக்குள் நேராகப் போய்விடும்.

நீண்ட பயணம் போகும் புல்லட்காரர்கள் இரண்டாவது கிளட்ச் கேபிள் ஒன்றை ஓடும் கேபிளின் கூடவே அதே பாதையில் கட்டிவைப்பார்கள். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் முனைகளை மாற்றி மாட்டிவிட்டுக் கிளம்பலாம். இழை விடாமல் வெறும் கனத்துக்காகக் கழற்றிய பழைய கேபிள் இருந்தால், கழுவி எண்ணெய் ஏற்றி அதையே இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளிலும் தூசி போகாமல் டேப் சுற்றிவிட்டால் சரி.